ஏரி அலைச்சறுக்குக்கு எந்த வெட்சூட்? கோடையை மறந்துவிட்டு நவம்பரைப் பாருங்கள்

கேள்வி இதுதான். வெதுவெதுப்பான கடலில் இரண்டு வருஷம் சர்ஃபிங் பழகியவர், வேலை மாற்றலாகி மிச்சிகன் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறார், குளிர்ந்த தண்ணீரில் போடுகிற இறுக்கமான ரப்பர் உடையான வெட்சூட்டை இதுவரை போட்டதே இல்லை. "ஒரு 4/3 வாங்கினால் வருஷம் முழுக்கச் சமாளிக்கலாமா, இல்லை பருவத்துக்கு ஒன்று வேண்டுமா?" என்று கேட்கிறார். (4/3 என்பது சூட்டின் தடிமன், மில்லிமீட்டரில்; விவரம் கீழே வருகிறது.)

உங்களால் ஒரே ஒரு சூட்தான் வாங்க முடியும் என்றால் 4/3 வாங்காதீர்கள். ஹூட், அதாவது தலைமூடி, சேர்த்தே தைத்த 5/4 வாங்குங்கள். கடலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், ஏனென்றால் கடையில் முதலில் கையில் கொடுப்பது 3/2 அல்லது 4/3. ஆனால் வட அமெரிக்காவின் இந்தப் பேரேரிகளில் அலை எப்போது வருகிறது என்று தெரிந்தால் நான் சொல்வது புரிந்துவிடும்.

கடல் அலை எங்கோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலில் கிளம்பி, நாம் நிற்கிற கரைக்கு வரும்போது அங்கே வெயிலும் அமைதியுமாக இருக்கலாம். ஏரியில் அப்படி இல்லை. சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ, எந்த ஏரியானாலும் அதே ஏரியின் மேல் அடிக்கிற காற்றுதான் அலையை உண்டாக்குகிறது. காற்று நின்றால் சில மணி நேரத்தில் அலையும் அடங்கிவிடும். கோடையில் காற்று பலமாக அடிக்கிற நாள் குறைவு. ஜூலையில் வாரக்கணக்கில் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். செப்டம்பர் நடுவில் ஆரம்பித்து, வடக்கிலிருந்து வருகிற குளிர்ந்த காற்று இன்னும் சூடாக இருக்கிற தண்ணீர்மேல் பாய ஆரம்பிக்கும்போதுதான் பருவமே தொடங்குகிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர், இவைதான் நல்ல மாதங்கள். 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெரிய சரக்குக் கப்பலை 29 பேரோடு சுப்பீரியர் ஏரியில் மூழ்கடித்தது இந்த நவம்பர் புயல்களில் ஒன்றுதான். அந்த மாதிரி நாளில் இறங்கு என்று நான் சொல்லவில்லை, ஏரிக்குப் பலம் எந்த மாதத்தில் வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஷெபாய்கன், டுலூத் பக்கத்து ஸ்டோனி பாயிண்ட், டொராண்டோவின் கிழக்குக் கரை, எங்கே போனாலும் பழைய ஆட்கள் காத்திருப்பது இலை உதிர்ந்த பிறகுதான்.

இனி தண்ணீர். நல்ல தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: 4 டிகிரி செல்சியஸில்தான் அது மிகக் கனமாக இருக்கும். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்ததும் கனமாகிக் கீழே போகும், கீழே இருக்கிற கொஞ்சம் சூடான தண்ணீர் மேலே வரும். மேலிருந்து கீழ்வரை எல்லாம் 4 டிகிரிக்கு வருகிறவரை இந்தப் புரட்டல் நடந்துகொண்டே இருக்கும். அதனால் ஏரி மெதுவாகக் குளிர்கிறது, அக்டோபரில் காற்று 8 டிகிரியாக இருக்கும்போது தெற்கு மிச்சிகனில் தண்ணீர் 13, 14 டிகிரியில் சுகமாக இருக்கும். வசந்தத்தில் இதே கதை எதிர்ப்பக்கம் நடக்கிறது. பனி உருகிய தண்ணீர் வெயிலில் கொஞ்சம் சூடானதும் கனமாகிக் கீழே இறங்கிவிடுவதால் மேல்பரப்பு சூடாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஏப்ரல் கடைசியில் கரையில் ஆட்கள் டி-ஷர்ட்டோடு நடப்பார்கள், தண்ணீர் 4 டிகிரி. சுப்பீரியரில் ஜூன் மாதத்தில்கூட அப்படித்தான்.

நான் மாட்டிக்கொண்டதும் ஏப்ரலில்தான். வெளியே 18 டிகிரி, இதமான வெயில். காரில் இரண்டு சூட் இருந்தும் 4/3-ஐ எடுத்தேன், கிளவுஸ் வேண்டாம் என்று விட்டேன். முதல் இருபது நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் போர்டில் கை ஊன்றி எழும்போது வலது கை வழுக்கியது, இரண்டாவது தடவையும் வழுக்கியது, போர்டில் பூசிய மெழுகு சரியில்லை என்று நினைத்தேன். விரல்கள் பிடிக்கவில்லை என்பது எனக்கே தெரியவில்லை. கரைக்கு வந்து கார் சாவியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தித்தான் திருப்ப முடிந்தது. அன்றிலிருந்து தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கட்டைவிரலைச் சுண்டுவிரலில் தொட்டுப் பார்ப்பேன். கிளவுஸ் போட்டிருந்தாலும் செய்யலாம். தொட முடியவில்லை என்றால் அடுத்த அலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். உடையை எப்போதும் காற்றைப் பார்த்துப் போடாதீர்கள், தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள். காற்று மோசமாக இருந்தால் மட்டும் அதற்கு மேல் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

எண்களுக்கு வருவோம். 4/3 என்றால் உடம்புப் பகுதியில் 4 மில்லிமீட்டர், கை கால்களில் 3 மில்லிமீட்டர் நியோபிரீன் என்ற நுரைரப்பர். 6/5/4 என்று மூன்று எண் இருந்தால் பொதுவாக உடம்பு, கால், கை என்ற வரிசை. தோள் பக்கம் மெல்லியதாக இருப்பது கை வீசித் துழாவ வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் என்றால், அதாவது ஆகஸ்டில் ஈரி ஏரியிலும் மிச்சிகனின் தெற்கிலும், ஒரு மெல்லிய அரைக்கை சூட்டோ வெறும் அரைக்கால் சட்டையோ போதும். 15 முதல் 19 வரை 3/2. 11 முதல் 15 வரை 4/3, கூடவே 3 மில்லிமீட்டர் பூட்ஸ். 7 முதல் 11 வரை ஹூட் உள்ள 5/4, 5 மில்லிமீட்டர் பூட்ஸ், 3 அல்லது 5 மில்லிமீட்டர் கிளவுஸ். அதற்குக் கீழே, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, ஹூட் உள்ள 6/5 அல்லது 6/5/4, 7 மில்லிமீட்டர் பூட்ஸ், விரல்கள் சேர்ந்திருக்கிற மிட்டன். இங்கே அமெரிக்கப் பக்கம் எல்லாரும் ஃபாரன்ஹீட்டில்தான் பேசுவார்கள், அதனால் 60 என்றால் கிட்டத்தட்ட 16, 50 என்றால் 10, 40 என்றால் நாலரை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நவம்பரை இந்த வரிசையில் வையுங்கள். தெற்கு மிச்சிகனில் மாத ஆரம்பத்தில் சுமார் 10 டிகிரி, முடிவில் 7 பக்கம். அதாவது 5/4-இன் நடு மையம். அக்டோபரில் ஹூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதே 5/4-ஐப் போடலாம், கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். டிசம்பரிலும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு நல்ல பூட்ஸ், மிட்டனோடு இறங்கலாம். ஒரு 5/4 உங்களுக்கு நல்ல அலை வருகிற மூன்று மாதத்தையும் தரும். 4/3 தருவது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் மட்டும். ஜூன் மாதம் கடைக்குப் போய் 4/3 வாங்கி, நவம்பரில் கரையில் நின்று அலையை வேடிக்கை பார்க்கிற புதியவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், எனக்கு மனசு கேட்பதில்லை.

இரண்டாவது சூட் வாங்க முடிகிறபோது 3/2 எடுங்கள். 5/4-க்கும் 3/2-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கொஞ்ச நாள்தான். மூன்றாவதாக 6/5. பிப்ரவரியில் இறங்குகிற பைத்தியம் உங்களுக்குப் பிடித்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மில்லிமீட்டரைவிட முக்கியமானது அளவு பொருந்துவது. வெட்சூட்டுக்குள் போகிற தண்ணீர் உடம்புச் சூட்டில் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலர் சொல்வார்கள், அது பாதிதான் சரி. காப்பது நியோபிரீனுக்குள் இருக்கிற வாயுக் குமிழிகள். 1950களின் தொடக்கத்தில் பெர்க்லியில் இருந்த ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் யோசித்ததே இதைத்தான்: உடம்பு நனையாமல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, குமிழிகள் நிறைந்த ஒரு பொருள் தோலை ஒட்டி இருந்தால் போதும். உள்ளே வருகிற தண்ணீர் ஒரு நூல் அளவு இருந்து, நகராமல் நின்றால் பிரச்சினை இல்லை. அது உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தால் 6 மில்லிமீட்டரும் வீண், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. தொளதொள 6/5-ஐவிடக் கச்சிதமான 4/3 கதகதப்பானது என்பதை நான் இரண்டையும் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது இதைச் செய்யுங்கள். முதலில் கால் பகுதியை நன்றாக மேலே இழுத்துக் கவட்டில் இடைவெளி இல்லாமல் செய்யுங்கள், பலர் இதை விட்டுவிட்டுத் தோள் இறுக்குகிறது என்று புகார் சொல்வார்கள். அப்புறம் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று முதுகின் கீழ்வளைவைப் பாருங்கள். அங்கே துணி தோலை விட்டு எழும்பி நின்றால், ஒரு கைப்பிடி பிடிக்க முடிந்தால், அந்த இடத்தில் தண்ணீர் குளம் கட்டும். நீங்கள் ஒவ்வொரு முறை குந்தி எழும்போதும் அது முதுகெலும்பு வழியாக ஜில்லென்று ஏறும். கையைத் தலைக்கு மேல் தூக்கி, குந்தி உட்கார்ந்து, துழாவுவதுபோல் பத்துத் தடவை வீசிப் பாருங்கள். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றும் தோலைச் சுற்றி ஒட்டி நிற்க வேண்டும். புதுசு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், மூச்சு முட்டினால் தவிர அதற்குப் பயப்படாதீர்கள். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் மீடியம் சரிவரவில்லை என்றால் உயரமானவர்களுக்கு, குட்டையானவர்களுக்கு என்று தனி அளவுகள் இருக்கின்றன, கேளுங்கள். பிராண்டைப் பிடித்துத் தொங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு உடம்பை மனதில் வைத்து வெட்டுகிறது, எனக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது.

தையலைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான சூட்டில் இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஊசி மறுபக்கம் வரும்படி தைத்திருப்பார்கள், உள்ளேயும் வெளியேயும் ஏணி மாதிரி நூல் தெரியும். ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஓட்டை. கோடைக்கு அது போதும். குளிர்காலத்துக்கு, விளிம்புகளைப் பசையால் ஒட்டி, ஊசி பாதி ஆழம் மட்டும் போகும்படி தைத்தது வேண்டும். அதன்மேல் உள்பக்கம் டேப்போ ரப்பர்ப் பசை வரியோ ஓடியிருந்தால் இன்னும் நல்லது. சூட்டை உள்பக்கம் திருப்பி கவட்டிலும் அக்குளிலும் பாருங்கள், முதலில் விட்டுப்போவது அங்கேதான்.

ஏரிக்கே உரிய ஒரு விஷயம், கடல்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இதற்கு அவ்வளவு இடம் இருக்காது. நமக்கு அலை வருகிற நேரமும் காற்று அடிக்கிற நேரமும் ஒன்றேதான் என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் அலைக்காகப் போர்டில் உட்கார்ந்திருக்கிற நேரம் முழுக்க, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஈர மார்பில் அடித்துக்கொண்டே இருக்கும். சூட்டின் வெளிப்பக்கம் துணி ஒட்டியதாக இருந்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்று அதை உலர்த்த உலர்த்த உடம்புச் சூடு போகும். மார்பிலும் முதுகிலும் துணி இல்லாத வழவழப்பான ரப்பர் பரப்பு உள்ள சூட்டில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், காற்றும் உள்ளே ஏறாது. ஏரிக்கு அதைத்தான் தேடி வாங்க வேண்டும். ஒரே குறை, நகம் பட்டால் கிழியும், அதனால் விரல் சதையால் இழுத்துப் போடப் பழகுங்கள். உள்ளே பூம்பட்டு மாதிரி மென்மையான ரோமம் வைத்த சூட் சீக்கிரம் உலரும், போடும்போது சுகமாகவும் இருக்கும். ஆனால் அதற்காக மட்டும் விலை கூட்டிக் கொடுக்காதீர்கள், தையலுக்குக் கொடுங்கள்.

ஜிப் விஷயத்தில் மார்பு ஜிப் என் தேர்வு. முதுகு ஜிப் போடக் கழற்ற எளிது, ஆனால் ஜிப் வழியாக வருகிற தண்ணீர் நேரே முதுகெலும்பில் இறங்கும். மார்பு ஜிப்பும் ஹூட்டும் சேர்ந்த சூட்டை முதல் தடவை கழற்றும்போது தலை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பயம் வரும். வீட்டில் ஐந்தாறு தடவை தனியாகப் போட்டுக் கழற்றிப் பழகிவிட்டுத்தான் ஏரிக்குப் போக வேண்டும். உறைந்த விரல்களோடு கார் நிறுத்துமிடத்தில் பழகுவது கஷ்டம்.

ஹூட் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் கழுத்தில் ஒரு இடைவெளி வரும், டைவ் அடிக்கும்போது அதில் தண்ணீர் போகும். ஹூட் குளிருக்கு மட்டும் அல்ல, காதுக்கும்தான். குளிர்ந்த தண்ணீரும் காற்றும் வருஷக்கணக்கில் பட்டால் காதுக் குழாயில் எலும்பு வளர்ந்து அடைக்கும், சர்ஃபர்களுக்கு வருகிற பழக்கப்பட்ட நோய் இது. ஹூட்டுக்கு உள்ளே காதடைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்ஸ் இறுக்கமாக வாங்காதீர்கள், விரல் நசுங்கினால் ரத்தம் ஓடாது, 7 மில்லிமீட்டரும் உதவாது. சூட்டின் கால்பகுதி பூட்ஸுக்கு மேலே வர வேண்டும், உள்ளே விட்டால் பூட்ஸ் வாளி மாதிரி நிரம்பும். கையில் இன்னொரு சிக்கல், ஒரு கிளவுஸ் போட்ட பிறகு மற்றக் கையின் மணிக்கட்டை மேலே இழுக்க விரல் கிடைக்காது. பக்கத்தில் யாராவது இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் பல்லால் இழுக்கலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.

தண்ணீர் வெப்பத்தை எங்கே பார்ப்பது? அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா ஏரிகளில் மிதவைகள் வைத்திருக்கிறது, தெற்கு மிச்சிகனுக்கு 45007 என்ற மிதவை. சிக்கல் என்னவென்றால் பனிக்கு முன்னால், இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில், அவற்றை எடுத்துவிடுவார்கள், நமக்கு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் இருக்காது. அப்போது ஆன் ஆர்பரில் இருக்கிற அவர்களுடைய பேரேரி ஆய்வகம் செயற்கைக்கோள் மூலம் தருகிற மேல்பரப்பு வெப்ப வரைபடத்தைப் பாருங்கள். மிதவை நடு ஏரியில் இருக்கிறது, நீங்கள் கரையில் இறங்குகிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கோடையிலும் ஒரு பொறி உண்டு. வடக்கத்திக் காற்று ஒரு நாள் பலமாக அடித்தால் மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் சூடான மேல்தண்ணீர் நடு ஏரிக்குத் தள்ளப்பட்டு, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். மேற்குக் கரையில், விஸ்கான்சின் பக்கத்தில், தெற்குக் காற்று இதே வேலையைச் செய்யும். நேற்று 21 டிகிரி, இன்று 10 என்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். அலையைக் கொண்டுவருகிற காற்றே தண்ணீரையும் குளிர வைக்கிறது. ஆகஸ்டிலும் 5/4 என் காரின் பின்னால் கிடக்கும்.

நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் எடை குறைந்தது, அதனால் நீங்கள் கொஞ்சம் ஆழமாக மிதப்பீர்கள். தடிமனான சூட் கொஞ்சம் தூக்கிவிடும், ஆனால் நனைந்ததும் கனக்கும், தோளும் சீக்கிரம் சோர்ந்துபோகும். கடலில் ஓட்டிய போர்டைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு எடுங்கள். 5/4-இல் முதல் நாள் பாதி நேரத்திலேயே தோள் விட்டுப்போகும், அது உங்கள் குறை இல்லை.

குளிர்ந்த தண்ணீரைப் பற்றி மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தருகிற கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு நிமிஷம் திணறுகிற மூச்சைச் சீராக்க, பத்து நிமிஷம் கை கால் சொன்னதைக் கேட்க, ஒரு மணி நேரம் நினைவு தப்ப. இது வெட்சூட் இல்லாமல் பனித்தண்ணீரில் விழுந்தவருக்கான கணக்கு. நல்ல சூட் இந்த எண்களை நீட்டித் தருகிறது, அழித்துவிடுவதில்லை. கை முதலில் போகும் என்ற வரிசை மாறாது. தனியாக இறங்காதீர்கள், கரையோரம் பனித்திட்டு கட்டியிருந்தால் அதன்மேல் நடக்கவே நடக்காதீர்கள். உள்ளே பொள்ளலாக இருக்கும், விழுந்தால் அடியில் மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்கவேண்டிய பட்டியலில் சூட்டோடு இரண்டு மலிவான சாமான்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, கால் வைத்து நிற்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி. இன்னொன்று, ஐஸ் பெட்டிக்குள் துண்டு சுற்றி வைத்த, குளிக்கிற சூட்டில் ஐந்து லிட்டர் வெந்நீர்க் கேன். கொதிநீர் வேண்டாம், மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். வெளியே வந்ததும் தொட்டியில் நின்று, கழுத்தை ஒரு விரலால் விலக்கிப் பாதியை உள்ளே ஊற்றுங்கள். மார்பில் தொடங்கி வயிறு, தொடை என்று இறங்கி அது பூட்ஸுக்குள் போகும், கால் விரல்கள் திரும்ப உங்களுடையவை ஆகும். மிச்சப் பாதியை மிட்டன்மேல் ஊற்றினால் உறைந்த ஜிப்பும் இளகும், விரலும் இளகும், அப்புறம் கழற்றலாம். காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிற நாளில் இது இல்லாமல் என்னால் சூட்டைக் கழற்ற முடிந்ததில்லை.

பழைய சூட் வாங்குவதானால் தோள் பகுதியை விரலால் அமுக்கி விடுங்கள். பஞ்சு மாதிரி உடனே எழும்பினால் உள்ளே குமிழிகள் உயிரோடு இருக்கின்றன. அப்பளம் மாதிரி மடங்கி, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் எண் 5 என்று எழுதியிருந்தாலும் அது இப்போது 5 இல்லை. பூட்ஸ், கிளவுஸ் மட்டும் புதுசாகவே வாங்குங்கள்.